கீழே போடத் தெரிந்தவள்

அவள் கைக்கு வந்த பொருள் எதுவும் முழு ஆயுளை வாழ்ந்து முடித்ததில்லை. பள்ளியில் ஆய்வகத்துக் கண்ணாடிக் குழாய்கள், கல்யாணமான முதல் வாரத்தில் மாமனாரின் மூக்குக் கண்ணாடி, பிறகு வரிசையாகக் கடிகாரம், ஃபிளாஸ்க், குளியலறைக் குழாயின் திருகு, பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய மீன் தொட்டி. கண்ணில் கோளாறு இல்லை, கையில் நடுக்கமும் இல்லை. மருத்துவர் ஒருவர் முட்டியைத் தட்டிப் பார்த்து, நேர்கோட்டில் நடக்கவிட்டுப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று அனுப்பி வைத்தார். நன்றி சொல்லிவிட்டு எழுந்தபோது அவருடைய மேஜை விளக்கு விழுந்தது.

விஷயம் வேறொன்றுமில்லை. அவள் மனசு எப்போதும் கைக்கு நாலடி முன்னால் ஓடும். ஒரு தம்ளரை எடுக்கும்போதே அதைக் கழுவி வைத்தாகிவிட்டது போல் அடுத்த வேலைக்குத் தாவிவிடுவாள். தம்ளர் பாதி வழியில் அநாதையாக நிற்கும்.

வீட்டில் அவளுக்குச் சூறாவளி என்று பெயர். வைத்தவர் நாத்தனார், அதாவது கணவரின் அக்கா. அவர் ரயில் நிலையத்தில் டிக்கெட் கவுன்டரில் இருந்தவர். எவ்வளவு கோணலான வரிசையையும் வாயாலேயே நேராக்கிவிடுவார் என்று பேரெடுத்தவர். பக்கவாதம் வந்து வலது கை பலம் இழந்த பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டார். வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. கையில் பலமில்லாத ஒருவரும் கையில் எதுவும் நிற்காத ஒருவரும் ஒரே சமையலறையில் புழங்குவதைப் பார்த்த கணவர், வீட்டிலிருந்த கண்ணாடியையும் பீங்கானையும் மூட்டை கட்டி ஏறக்கட்டினார். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஆபத்தை முன்கூட்டியே பார்க்கிற தொழில்.

நாத்தனார் டீ குடிப்பது மூக்கு வைத்த ஒரு மருத்துவமனைக் கிண்ணத்தில். அதுவும் வீட்டு மனிதர்கள் முன்னால் மட்டும். விருந்தாளிகள் வந்தால் தனக்கு டீ வேண்டாம், வயிறு சரியில்லை என்பார். எல்லோருக்கும் தெரிந்த பொய் அது. யாரும் அதைக் கிளறுவதில்லை.

சூறாவளி வேலை பார்த்தது ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவில். துணி கீழே விழுந்தால் உடையாது என்ற ஒரே காரணத்துக்காகத் தேடிப்பிடித்த வேலை. நிலவறையில் ராட்சத இயந்திரங்கள், ஆவி, காதை அடைக்கும் இரைச்சல். அங்கே அவளை யாரும் சூறாவளி என்று கூப்பிட்டதில்லை. மடிப்பதில் அவள் வேகத்துக்கு ஈடு கிடையாது.

ஒருநாள் மேற்பார்வையாளர் வந்து, பல்கலைக்கழகத்தில் மூன்று நாள் பயிலரங்கு நடக்கிறதாம், மருத்துவமனை ஊழியர் சிலரை அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள், யாராவது போகிறீர்களா என்று கேட்டார். எதைப் பற்றி என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் கையைத் தூக்கிவிட்டாள். தூக்கின வேகத்தில் பக்கத்தில் நின்றவளின் தொப்பி பறந்தது. பிறகுதான் தலைப்பைக் கேட்டாள்: சமூக நலனுக்கான வடிவமைப்புச் சிந்தனை.

வீட்டில் சொன்னபோது நாத்தனார் அந்தப் பெயரை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார்.

"வடிவமைப்புச் சிந்தனையா? நீ உடைப்புச் சிந்தனையாச்சே. உன்னை எதுக்கு அங்க கூப்பிடறாங்க?"

"தெரியாது அண்ணி. போனாத்தான் தெரியும்."

கணவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், பல்கலைக்கழகத்தில் கட்டடங்கள் உறுதியானவைதான் என்று மட்டும் சொன்னார்.

போய்ச் சேர்ந்த அறை அவள் நினைத்த மாதிரி இல்லை. மேடை இல்லை, வரிசையாக நாற்காலிகள் இல்லை. வட்ட மேஜைகள், மேஜை நிறைய அட்டை, கத்தரி, பசை, ஒட்டுத்தாள்கள், பழைய குழாய்த் துண்டுகள், நுரைப்பஞ்சு. சுவர் முழுக்க யாரோ கிறுக்கிய படங்கள். ஒரே ஒரு கண்ணாடிக் குடுவையில் தண்ணீர் இருந்தது. அதிலிருந்து முடிந்த அளவு தூரத்தில் ஒரு நாற்காலியைப் பிடித்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அவள் குழுவில் இரண்டு மாணவர்கள். ஒருவன் நெடுநெடுவென்று தாடியோடு இருந்தான். இன்னொருத்தி கொண்டையில் பேனாவைச் செருகிவைத்துவிட்டு அதே பேனாவை நாள் முழுக்கத் தேடினாள். நடத்தியவர் ஒரு பேராசிரியை. நரைத்த குட்டை முடி, குதிகாலில் ஸ்பிரிங் வைத்தாற்போன்ற நடை. முதலில் ஒரு கஷ்டத்தைக் கண்டுபிடியுங்கள், அதை அனுபவிக்கிறவரைக் கேளுங்கள், பிறகு கையில் கிடைத்ததை வைத்து ஒன்றைச் செய்து பாருங்கள், சரிவராவிட்டால் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி செய்யுங்கள் என்று அவர் ஒரு சின்ன உரை நிகழ்த்தினார். தூக்கிப் போடலாம் என்று ஒரு படித்த மனுஷி வாய் திறந்து சொல்லிக் கேட்டது அவளுக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் முறை.

சலவைக்கு எப்படிப்பட்ட துணிகள் வரும் என்று தாடிக்காரன் கேட்டான். போர்வையில் பாதி டீக்கறைதான் என்றாள். அதிலிருந்து பேச்சு வளர்ந்து, படுத்தபடியே குடிக்கிற நோயாளிகளுக்குக் கொட்டாத ஒரு கோப்பை செய்வது என்று முடிவானது. மதியத்துக்குள் அட்டையும் நுரைப்பஞ்சும் பிளாஸ்டிக் மூடியுமாக ஒரு மாதிரிக் கோப்பை தயாரானது. பேனாக் கொண்டைக்காரி அதை உள்ளங்கையில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள், பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல.

"அக்கா, நீங்க கொஞ்சம் பிடிங்க. நான் படம் எடுத்துக்கறேன்."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் கோப்பை அவள் கைக்கு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துச் சுவரிலிருந்த ஒரு படம் அவள் கண்ணில் பட்டது, சக்கரம் வைத்த ஏணி. அது எதற்காக இருக்கும் என்று நினைத்தாள். அவ்வளவுதான். கோப்பை தரையில் விழுந்து, மூடி ஒரு பக்கம், கைப்பிடி ஒரு பக்கம், நடு உடல் மேஜைக்கு அடியில்.

அவள் குனிந்து பொறுக்க ஆரம்பித்தாள். இப்போது யாராவது பரவாயில்லை என்பார்கள். அந்தப் பரவாயில்லையைத்தான் அவளால் தாங்க முடியாது. ஆனால் யாரும் அதைச் சொல்லவில்லை. பேராசிரியை அறையின் மறுகோடியிலிருந்து கிட்டத்தட்ட ஓடி வந்தார்.

"எப்படி விழுந்துச்சு? இன்னொண்ணு செய்றோம். அதையும் இதே மாதிரி போடறீங்களா?"

கிண்டல் செய்கிறார் என்றுதான் நினைத்தாள். முகத்தைப் பார்த்தாள். கிண்டல் இல்லை. புதையல் கிடைத்தவர் முகம் மாதிரி இருந்தது.

எதைச் செய்தாலும் அதை நாங்கள் பத்திரமாகத்தான் பிடிக்கிறோம், செய்தவர்களுக்கு அதன்மேல் பாசம் வந்துவிடுகிறது, நிஜமாகக் கை தவறுகிற ஒருவர் எங்களுக்குக் கிடைப்பதே இல்லை என்று பேராசிரியை விளக்கினார். அவள் மெதுவாக, தன் கையில் இதுவரை போன சாமான்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். மீன் தொட்டிக்கு வந்தபோது மற்ற மேஜைக்காரர்களும் சுற்றி நின்றுவிட்டார்கள். அவர்கள் சிரித்தார்கள்; அவளும் சிரித்தாள். முதல் தடவையாக அந்தக் கதை அவளுடைய சொத்து மாதிரி இருந்தது.

அடுத்த மாதிரி வந்ததும் ஒரு சிக்கல் தெரிந்தது. வேண்டுமென்றே போட்டால் அவளுக்கு உடையவே இல்லை. அழகாக நேரே விழுந்து நின்றது. ஆளாளுக்கு உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றால் யாரால் கை தவற முடியும்? கடைசியில் தாடிக்காரன்தான் வழி கண்டுபிடித்தான். கோப்பையை அவள் கையில் கொடுத்துவிட்டு, உங்கள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பேச்சுக் கொடுத்தான். அவள் நாத்தனாரைப் பற்றி ஆரம்பித்தாள். மூன்றாவது வாக்கியத்தில் கோப்பை ஜன்னல் ஓரம் போய் விழுந்தது. அறையே கை தட்டியது.

அன்று சாயங்காலம் வரை அவளைக் கோப்பையும் கையுமாக நடக்கவிட்டார்கள். மற்றக் குழுக்களும் வரிசை கட்டின. மடக்கு ஊன்றுகோல், மாத்திரை டப்பா, குழந்தைகளுக்கான மூச்சுக் கவசம் எல்லாம் அவள் கைக்கு வந்து போயின. எங்கே பிய்கிறது, எந்த முனை முதலில் தரையைத் தொடுகிறது என்று பிள்ளைகள் தரையில் மண்டியிட்டுப் பார்த்தார்கள். அவளுக்கும் யோசனைகள் பொங்கின. கோப்பைக்கு ஒரு காலுறை மாட்டிவிட்டால் வழுக்காதே என்றாள். உடனே ஒருவன் தன் காலுறையையே கழற்றிக் கொடுத்தான். மாட்டிப் பார்த்தார்கள். காலுறை டீயைக் குடித்துவிட்டு, கோப்பையை மட்டும் நழுவவிட்டது. அவள் யோசனை தோற்றதற்கு எல்லோரும் சிரித்துவிட்டு, அதையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். தோற்றதைக்கூடச் சுவரில் ஒட்டுகிற இடம். அவளுக்கு வீட்டுக்குப் போகவே மனசில்லை.

வீட்டில் இதைச் சொன்னபோது கணவருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. "உடைக்கறதுக்கு ஆள் எடுக்கறாங்கன்னு தெரிஞ்சிருந்தா, எப்பவோ உன்னைக் கொண்டுபோய்ச் சேர்த்திருப்பேனே" என்றார். நாத்தனார் சிரிக்கவில்லை. அவள் கொண்டு வந்திருந்த மாதிரிக் கோப்பையை இடது கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நன்றாக மூடிய கோப்பை, மேலே சின்னதாக ஒரு மூக்கு. சொட்டுக்கூடச் சிந்தாது.

"எப்படி இருக்கு அண்ணி?"

"நோயாளிக் கிண்ணம். எங்கிட்ட ஏற்கனவே ஒண்ணு இருக்கு."

"இது கொட்டாதுங்க."

"கொட்டாம இருக்கறதுதான் டீயா? விளிம்புல வாய் வெச்சுக் குடிக்கணும். நிறம் கண்ணுக்குத் தெரியணும். வாசனை மூக்குக்கு வரணும். இது குழந்தைக்கு மருந்து ஊத்தறது."

 இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் இந்தப் பேச்சு வந்ததில்லை. கேட்டதில்லை, அதனால் சொன்னதில்லை. சட்டென்று எழுந்து, நாளைக்கு நீங்களும் வாருங்கள் என்றாள். நாத்தனார் முடியாது, கால் வலிக்கிறது, எனக்கென்ன வேலை அங்கே என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். காலையில் பார்த்தால் தலை வாரிக் கைத்தடியோடு வாசல் கதவருகே நின்றுகொண்டிருந்தார். பஸ் போய்விடும் என்று அவளை விரட்டவும் செய்தார்.

இரண்டாம் நாள் பயிலரங்கை நாத்தனார்தான் நடத்தினார் என்று சொல்ல வேண்டும். கவுன்டரில் உட்கார்ந்த அதே தோரணை. நாற்காலியை மேஜைகளுக்கு நடுவில் போடச் சொன்னார். கொண்டு வந்து காட்டியதை எல்லாம் வேண்டாம் என்றார். ஏன் வேண்டாம் என்று கேட்டால் காரணம் சொன்னார். காரணம் பிடிக்காமல் சூறாவளி குறுக்கே பேசினால் இரண்டு பேருக்கும் சண்டை வந்தது. கைப்பிடி பெரியதாக இருந்தால் பிடிக்க எளிது என்பாள் இவள். பெரிய கைப்பிடி ஊருக்கே என் கையைப் பற்றித் தம்பட்டம் அடிக்கும் என்பார் அவர். பேனாக் கொண்டைக்காரி இரண்டு பேர் பேச்சையும் ஒரு வரி விடாமல் எழுதினாள்.

"பாட்டி" என்று தாடிக்காரன் ஆரம்பித்தான்.

"அக்கான்னு சொல்லு, தம்பி. அவளை அக்காங்கற, என்னைப் பாட்டிங்கற. நான் ஒரு பத்து வயசு மூத்தவ, அவ்வளவுதான்."

மூன்றாம் நாள் முடிந்தும் வேலை முடியவில்லை. அடுத்த மாதம் பல்கலைக்கழகத்தில் பொதுமக்களுக்கும் மருத்துவமனை ஆட்களுக்கும் ஓர் உரை நிகழ்ச்சி வைத்திருந்தார்கள். அதற்குள் நிஜக் கோப்பை ஒன்று தயாராக வேண்டும். வேலை முடிந்த சாயங்காலங்களில் இரண்டு பேரும் பல்கலைக்கழகப் பட்டறைக்குப் போனார்கள். பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கடுக்காக வார்க்கும் இயந்திரம் ஒன்று அங்கே இருந்தது. அது மெதுவாகச் சுற்றிச் சுற்றிக் கோப்பையின் சுவரை எழுப்புவதை நாத்தனார் கண்கொட்டாமல் பார்ப்பார். குழந்தைகளின் கோப்பைகளில் ஒரு ரப்பர் தட்டு உண்டு. உதடு பட்ட இடத்தில் மட்டும் வழிவிடும். பேனாக் கொண்டைக்காரி அதைப் பெரியவர்களுக்கு மாற்றினாள். விளிம்புக்குக் கொஞ்சம் கீழே, கண்ணாடி மாதிரித் தெளிந்த தட்டு. அதற்கடியில் டீயின் நிறம் தெரியும். வாசனைக்கு ஊசித்துளை. கவிழ்ந்தால் அந்தத் துளை வழியே நாலு சொட்டு சிந்தும். சிந்தட்டும், வாசனை முக்கியம் என்று நாத்தனார் தீர்ப்புச் சொல்லிவிட்டார். கை சுடாமல் இருக்க இரட்டைச் சுவர். தள்ளிப் பார்த்தால் யார் மேஜையிலும் இருக்கக்கூடிய சாதாரணக் கோப்பை. ஒவ்வொன்றும் தயாரானதும் சூறாவளி கையில் கொடுத்துப் பேச்சுக் கொடுத்தார்கள். உடைந்தது, மாற்றினார்கள், உடைந்தது, மாற்றினார்கள்.

நிகழ்ச்சி அன்று அரங்கு நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் மருத்துவமனையின் தலைமை மருத்துவர். ஏற்பாடு தெளிவாக இருந்தது. மாணவர்கள் பேசுவார்கள், தாடிக்காரன் காலிக் கோப்பை ஒன்றைக் கீழே போட்டுக் காட்டுவான், சூறாவளி சுடு டீயோடு இன்னொன்றைப் பத்திரமாகக் கொண்டு போய் மேடையில் உட்கார்ந்திருக்கும் நாத்தனாரிடம் கொடுப்பாள். பத்திரமாக என்ற சொல்லைப் பேராசிரியை மூன்று தரம் சொல்லியிருந்தார்.

நாத்தனார் பக்கத்தில் போய், "எல்லார் முன்னாலயும் குடிப்பீங்களா அண்ணி?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"கொண்டுவா, பாத்துக்கலாம்."

கோப்பையோடு மேடை ஓரத்திலிருந்து புறப்பட்டாள். ஒவ்வொரு அடியாக எண்ணித்தான் வைத்தாள். பாதி தூரத்தில் எதேச்சையாக அரங்கைப் பார்த்தாள். மூன்றாம் வரிசையில் சலவைப் பிரிவு மொத்தமும் உட்கார்ந்திருந்தது, மேற்பார்வையாளர் உட்பட. வருவதாக ஒருவர்கூடச் சொல்லவில்லை. சந்தோஷம் பொங்க அவர்களைப் பார்த்துக் கையசைத்தாள். கோப்பை வைத்திருந்த கையை.

கோப்பை பறந்தது. மேடை விளிம்பில் மோதி, படிகளில் துள்ளித் துள்ளி இறங்கி, உருண்டுபோய்த் தலைமை மருத்துவரின் காலடியில் நின்றது.  பேராசிரியை கண்ணை மூடிக்கொண்டார். கைப்பிடி இரண்டாவது படியில் தனியே கிடந்தது. சூறாவளி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஒரு மாத உழைப்பையும் தன் கையால் படியிறக்கிவிட்டோம் என்று நினைத்தாள்.

தலைமை மருத்துவர் குனிந்து எடுத்தார். சாய்த்துப் பார்த்தார், குலுக்கிப் பார்த்தார். எழுந்து, தானே மேடையேறி, நாத்தனாரிடம் நீட்டினார். நாத்தனார் இடது கையால் வாங்கி, பலமில்லாத வலது கையை மறுபக்கம் முட்டுக் கொடுத்து, முகத்தருகே கொண்டுபோனார்.

"கைப்பிடி போச்சு. டீ இருக்கு" என்றார். ஒலிவாங்கி பக்கத்தில்தான் இருந்தது.

பிறகு விளிம்பில் வாய் வைத்துக் குடித்தார். அவசரமில்லாமல், ஒரு வாய், இன்னொரு வாய். அரங்கு முழுவதும் பார்த்துக்கொண்டிருப்பதை அப்போதுதான் கவனித்தவர்போல நிமிர்ந்தார்.

"சூடாத்தான் இருக்கு. குடிக்கறவங்களை ஏன் இப்படி முறைச்சுப் பாக்கறீங்க? உங்களுக்கும் வெளிய வெச்சிருக்காங்க."

அரங்கம் சிரிப்பில் அதிர்ந்தது. மூன்றாம் வரிசை எழுந்து நின்று கை தட்டியது. மேற்பார்வையாளர் விசிலே அடித்துவிட்டார். தாடிக்காரன் சூறாவளியின் காதருகே வந்து, நாங்கள் திட்டம் போட்டிருந்தால் இது இப்படி வந்திருக்காது அக்கா என்றான். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. நாத்தனார் டீயை மிச்சம் வைக்கவில்லை.

கைப்பிடியை அதன்பின் தனியாக ஒட்டாமல் சுவரோடு சேர்த்தே வார்த்தார்கள். மருத்துவமனை ஒரு வார்டில் சோதித்துப் பார்க்க ஒப்புக்கொண்டது. எடுத்த எடுப்பிலேயே செவிலியர்கள் அதைத் திட்டினார்கள். ரப்பர் தட்டைக் கழற்றிக் கழுவ நகம் பெயர்ந்தது. பேனாக் கொண்டைக்காரி அழாத குறையாகப் பட்டறைக்குத் திரும்பி, கட்டைவிரலால் தள்ளினால் கழன்று வருகிற மாதிரி மாற்றினாள். அதற்குப் பிறகு வேறொரு புகார் வந்தது: கோப்பைகள் காணாமல் போகின்றன. வீடு திரும்புகிற நோயாளிகள் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள். மருத்துவமனை அலுவலகம் கடுமையான தொனியில் இதைத் தெரிவித்தபோது, பட்டறையில் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள்.

இப்போது ஒவ்வொரு பயிலரங்குக்கும் அவளுக்கு அழைப்பு வருகிறது. புதிதாகச் சேர்ந்த மாணவர்கள் அவள் பெயரை முதலில் கேள்விப்படுவதே சூறாவளி என்றுதான். தாங்கள் செய்ததை அவள் கையில் கொடுத்துவிட்டு, கீழே இரண்டு கைகளையும் ஏந்தியபடி நிற்பார்கள். நாத்தனார் தன் பங்குக்கு, வருகிற உரை நிகழ்ச்சியில் தனக்கு எவ்வளவு நேரம் தருகிறார்கள் என்று பேராசிரியையோடு தொலைபேசியில் வாதாடிக்கொண்டிருக்கிறார்.

போன வாரம் மேல்மாடியில் ஆள் குறைவென்று, விரிப்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு அவளே வார்டுக்குப் போகவேண்டி வந்தது. ஜன்னல் ஓரக் கட்டிலில் ஒரு பெரியவர் சாய்ந்து உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். படித்த பக்கத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கையை நீட்டிக் கோப்பையை எடுத்தார், குடித்தார், வைத்தார். கோப்பையை ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை. அவள் வண்டியை நிறுத்திவிட்டு நின்றாள். பேசக்கூடாது, வேலையைப் பார்க்க வேண்டும் என்றுதான் நினைத்தாள். ஆனால் முடியவில்லை.

"ஐயா, அந்தக் கோப்பை இருக்கு பாருங்க, அது எப்படி வந்துச்சு தெரியுமா?"

அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். அவள் கட்டில் ஓரமாக நின்றபடி, இரண்டு கைகளையும் வீசி வீசி, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.